சேந்தமங்கலத்து லெப்ட் அவுட்

என் அன்பு மாப்பிள்ளை அர்த்தநாரிக்கு,

ஊருக்கு முன்னால் உன்னை ‘வாங்க மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டேன். தங்கையைக் கட்டிக் கொடுத்த பிறகு வேறு வழியில்லை. மைதானத்துக்குள் கால் வைத்தால் மட்டும் பழையபடி நீ, வா, போ. இந்தக் கடிதத்தையும் மைதானம் என்றே வைத்துக்கொள்.

உன் நினைவு ஆட்டத்துக்கு நாலு பக்கத்தில் தாள் அடிக்கிறார்கள். மேட்டூர் ஆலை அணியின் காரியதரிசி நான். ஆகவே நான்தான் எழுத வேண்டுமாம். ‘அன்னாரின் பிரிவால் வாடும்’ என்று தொடங்கி ஒன்று எழுதிப் பார்த்தேன். நீ படித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும். விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. வெள்ளைக்காரன் போய்விட்டான். நீ போன மறு வருஷமே போனான். அதுவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா நீ? நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கற்பனையில் கட்டிக்கொண்டிருந்தோமே ஒரு புட்பால் அணி, அது நிஜமாகவே வந்துவிட்டது. நம் நாட்டுப் பெயரில், நம் கொடியோடு லண்டனுக்குப் போகப் போகிறது. ஆட்டக்காரர்களின் பெயர்கள் பேப்பரில் வந்துவிட்டன. பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடுகிறவர்களும் அதில் உண்டாம்.

நினைவிருக்கிறதா? ஷிப்டு முடிந்து பாலத்தடி டீக்கடைக்கு வந்தால் நமக்கு ஒரே பேச்சு. நாடு விடுதலையானால் யார் யார் நம் அணியில் இருப்பார்கள்? மூட்டையில் ஒட்டுகிற சீட்டின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவோம், அடிப்போம், மறுபடியும் எழுதுவோம். நீ ஆட்டக்காரனைப் பார்ப்பாய். “இன்னைக்கு எவன் நல்லா ஆடறான்னு பாக்காதே மச்சான். இன்னும் மூணு வருசம் கழிச்சு எவன் முட்டி தாங்கும், ரெப்ரி தப்பா ஊதினாலும் எவன் வாயை மூடிக்கிட்டு நிப்பான்னு பாரு” என்பாய்.

நான் ஆட்டக்காரனைப் பார்க்க மாட்டேன். ஆளெடுக்கிறவனைப் பார்ப்பேன். அவன் எந்த ஊர், யாருக்குச் சிநேகிதன், யார் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தான் என்று விசாரிப்பேன். “நீ பந்தாட்டத்தைப் பாக்க வந்தியா, திருட்டு விசாரிக்க வந்தியா?” என்று கேட்டுச் சிரிப்பாய். என் குணம் அப்படி. தராசுக்காரன் கையைப் பார்ப்பேன், தட்டைப் பார்ப்பேன், தட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பேன்.

கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. ஆளுக்குப் பதினாறு பெயர். உறையில் போட்டு ஒட்டி என் தங்கை பாவாயியிடம் கொடுத்துவிட வேண்டியது. நிஜ அணி பேப்பரில் வந்த அன்று பிரிக்க வேண்டியது. தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டியது. என் உறை அன்றைக்கே போய்விட்டது. நீதான் ‘லெப்ட் அவுட் யாருன்னு மட்டும் தெரியலை’ என்று மாதக் கணக்கில் இழுத்தடித்தாய். நம் அணியில் இடது ஓரத்தில் ஓடும் லெப்ட் அவுட் யார்? நான். அதனால் அந்த இழுத்தடிப்பு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

போன தை மாதம், ஆளெடுப்பு தொடங்கப் போகிறது என்று பேப்பரில் கண்டேன். உடனே எனக்கொரு சந்தேகம். இரண்டு உறையும் பாவாயி பெட்டியில் இருக்கின்றன. அவள் என் தங்கைதான், ஆனால் உன் பெண்டாட்டி. புருஷன் செத்தும் தோற்கக் கூடாது என்று என் தாளில் நாலு பெயரை மாற்றி எழுதிவிட்டால்? அவளுக்கு எழுதத் தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போன சமயம், அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் உறையைப் பிரித்தேன். என்னுடையதை அல்ல. உன்னுடையதை.

முதலில் என் பெயரைத்தான் தேடினேன், பொய் சொல்வானேன். கல்கத்தாக்காரர்கள் இருந்தார்கள், பெங்களூர்க்காரர்கள் இருந்தார்கள். லெப்ட் அவுட் இடத்தில், ‘மாரப்பன், சேந்தமங்கலம்’ என்று இருந்தது. தாளின் தலைப்பில் தேதி போட்டிருந்தாய். சேந்தமங்கலத்து ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள். குதிகாலில் ஆணி ஏறி, கால் வீங்கிப் பாயில் கிடந்தபோது எழுதியிருக்கிறாய்.

உன்னைக் கொன்ற ஊர்க்காரன் பெயரை உன் கையாலேயே ஏன் எழுதினாய்? அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுண்டிப் பானை தீய்ந்துபோனது.

நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யார் காலிலும் பூட்ஸ் கிடையாது. அதனால் ஆட்டத்துக்கு முன் முள் பொறுக்குவது முறை. காசு சுண்டி யாருக்கு எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்வோம். பிறகு, வந்தவர்கள் முதலில் நிற்கப் போகும் பாதியில் உள்ளூர்க்காரர்கள் வரிசையாக நடந்து கல், முள் எல்லாம் பொறுக்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் நிற்கப் போகும் பாதியை வந்தவர்கள் பார்ப்பார்கள். எதிராளியின் காலுக்கு நாம் பொறுப்பு. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது அவரவர் பொறுக்கிய மண்ணில் அவரவரே நிற்க வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

சேந்தமங்கலத்தில் ஆடியது மாட்டுச் சந்தை கூடும் திடலில். நீ கோல்கீப்பர். உன் வலது குதிகாலில் ஏறியது துருப்பிடித்த லாட ஆணி, மாட்டுக்கு லாடம் கட்டும்போது சிந்துகிறதே, அது. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் காட்டினாய். எப்போது குத்தியது என்று கேட்டேன். “மொதப் பாதியிலயே மச்சான். கோல் போஸ்ட்டுக்கிட்ட” என்றாய்.

முதல் பாதியில் நீ நின்ற கோல் வாசலைப் பார்த்தது யார்? மாரப்பன். அவன் அங்கே குனிந்து நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். மாரப்பனின் தொழில் என்ன? அதே சந்தையில் மாட்டுக்கு லாடம் கட்டுவது. வேறென்ன வேண்டும் எனக்கு? பத்தாம் நாள் உன் தாடை பூட்டிக்கொண்டது. ரணஜன்னி என்றார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேசாமல் போனாய். நான் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஆடப் போன ஊரிலெல்லாம் சொன்னேன்: சேந்தமங்கலத்து லெப்ட் அவுட் எங்கள் கோல்கீப்பர் வாசலில் ஆணியை விட்டு வைத்தான் என்று. விட்டு வைத்தான் என்பது ஒரு வருஷத்தில் போட்டு வைத்தான் என்று ஆனது. அதையும் நான் திருத்தவில்லை. சேந்தமங்கலத்தோடு யாரும் ஆடப் போகவில்லை.

அப்படியிருக்க, மாசி மாதம் மதராசிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களில் சிறந்த இரண்டு பேரைத் தேர்வு ஆட்டத்துக்கு எழுதுங்கள், மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும் என்று. ஒரு பெயர் எழுதினேன், நம் அணியில் நடுவில் ஆடும் சென்டர் ஆப். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டு, ‘விசாரித்து எழுதுகிறேன்’ என்று அனுப்பினேன். எல்லோருக்கும் தெரியும் அந்த இடம் யாருடையது என்று. மாரப்பனுக்கு வயது இருபத்தெட்டு. இந்தத் தடவை விட்டால் அடுத்த அணி வரும்போது அவனுக்கு முட்டி இருக்காது.

இன்னொன்றும் என்னை அரித்தது. நீ போனதிலிருந்து கோடைதோறும் பாவாயி வீட்டு வாசலில் கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்று வந்து இறங்குகிறது. பஸ்காரர் வைத்துவிட்டுப் போகிறார். யார் கொடுத்தனுப்புகிறார்கள் என்று கேட்டேன்.

“சேந்தமங்கலத்துல இருந்துங்ணா. அந்த மாரப்பந்தானுங்க.”

“நீ வாங்கிக்கிட்டியா?”

“திருப்பி அனுப்பினா பஸ்காரர் என்ன பண்ணுவாருங்ணா? பழம் என்ன பாவம் பண்ணுச்சு?”

“அவன் எதுக்கு அனுப்பறான்னு யோசிச்சியா?”

“நீங்கதான் யோசிக்கிறீங்களே, ஊட்டுக்கு ஒருத்தர் போதாதுங்களா?” என்றாள். உன்னோடு குடித்தனம் பண்ணியவள் அல்லவா.

குற்றமில்லாதவன் பழம் அனுப்புவானா? ஒருவேளை பழம் நீ இருக்கும்போதே வந்துகொண்டிருந்ததா? உன் தாளில் அவன் பெயர் ஏறியது அதனாலா? இப்படியெல்லாம் உன் மேலும் சந்தேகப்பட்டேன், மாப்பிள்ளை. என்னை மன்னித்துவிடு.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சேலம் போய், நாமக்கல் பஸ் பிடித்து, சேந்தமங்கலம் போய் இறங்கினேன். மாரப்பன் ஒரு காளையைப் படுக்க வைத்துக் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் நான் ஊர் ஊராகப் பேசியது தெரியும். ஆனாலும் “வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றான். பிறகு கேட்டான்: “ஏனுங்க, மதராசுல ஆளெடுக்கறாங்களாமே. நம்ம பக்கத்துக்குக் கடுதாசி ஏதாச்சும் வந்துதுங்களா?”

“வரலை” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். நான் நேராகக் கேட்டேன். பழம் எதற்கு? ஆணி யாருடையது?

“ஆணி என்னுதாத்தான் இருக்குமுங்க. இந்தத் திடல்ல லாடம் கட்டறது நான் ஒருத்தந்தானே. அதுக்குத்தான் பழம். அந்தம்மா மொகத்துல முழிக்கத் தைரியம் இல்லீங்க.”

“அப்ப நீ பாத்த பக்கத்துல நீயே விட்டுட்டே.”

அவன் காளையின் குளம்பைச் சீவிக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த அத்தனையையும் கொட்டினேன். கொலைகாரன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தான்.

“சொல்லக்கூடாதுன்னு உங்க மாப்பிள்ளை சத்தியம் வாங்கிட்டுப் போனாருங்க. ஆனா இதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியலீங்க. அவருக்கு ஆணி குத்தினது ரெண்டாம் பாதியிலங்க. கார்னர் எடுத்தப்ப நான் கோல்கிட்டதான் நின்னேன். கால்ல இருந்து புடுங்கி இடுப்புல சொருகினாரு. ‘வெளிய போயி கட்டுப் போட்டுக்குங்க’ன்னேன். ‘சத்தம் போடாதே மாரப்பா. இந்தப் பக்கம் பொறுக்கினது என்ற மச்சான். தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவான்’னாரு.”

நம்பினேனா? இல்லை. தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். நேராகப் போய்ப் பஸ் ஏறினேன். நாலு நாள் அதையே போட்டுப் பிசைந்தேன். மாதம் முடிந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது, நான்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன். இடைவேளையில் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்ப்போமே. நீ என் மடியில் இரண்டு காலையும் நீட்டினாய். இடது காலில் ஒரு நெருஞ்சி முள் இருந்தது, எடுத்துப் போட்டேன். வலது குதிகாலைத் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அதற்கு முன்னால் நடந்ததும் நினைவுக்கு வந்தது. முள் பொறுக்கும்போது நம் பங்குக் கோல் வாசல் என்னுடையது. நான் நடந்தேன். குனியவில்லை. என் கண்ணெல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தது. உன் கோல் வாசலில் மாரப்பன் ஒழுங்காகக் குனிகிறானா, கையை மண்ணில் வைத்துத் தேடுகிறானா, இல்லை ஒப்புக்கு நடக்கிறானா என்று அவனையே பார்த்துக்கொண்டு என் பங்கு மண்ணைக் கடந்துவிட்டேன். அவன் மண்டி போட்டுத் தேடினான், மாப்பிள்ளை. அதைத்தான் நான் பார்த்தேன்.

இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டேன்.

மறுநாள் தபாலாபீஸ் திறந்ததும் தந்தி கொடுத்தேன். ‘இரண்டாவது பெயர் மாரப்பன், லெப்ட் அவுட், சேந்தமங்கலம்’ என்று. பதில் ஒரு வாரத்தில் வந்தது. தங்கள் தந்தி கெடு முடிந்து வந்தபடியால் பரிசீலிக்க இயலவில்லை, வருந்துகிறோம். வழக்கமாக இப்படி ஒரு பதில் வந்தால் யார் யாருக்குச் சொல்லி எழுத வைத்தான் என்று துருவுவேன். இதில் துருவ ஒன்றும் இல்லை. கெடுவைத் தாண்ட விட்டவன் நான்.

பேப்பரில் அணி வந்த அன்று பாவாயி இரண்டு உறையையும் கொண்டுவந்து வைத்தாள். உன் உறையில் பசை புதிதாக இருந்ததைப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். நான் படிக்கப் படிக்க அவள் விரல் விட்டு எண்ணினாள். உன் பதினாறில் பாதிக்கு மேல் சரி. என்னுடையதில் நாலு. மாரப்பன் பெயர் அணியில் இல்லை.

“அவரு கெட்டிக்காரர்தானுங்ணா” என்றாள். “இந்த மாரப்பன் விசயத்துலதான் ஏமாந்துட்டாரு.”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. அவர் ஏமாறவில்லை பாவாயி, அவன் பெயரை நான் அனுப்பவில்லை என்றேன். ஏன் என்றாள். அங்கே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியையும் சொன்னேன். நான் குனியாததையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வைத்தாள். உருண்டை உருண்டையாகக் களியை விழுங்கிவிட்டு எழுந்து போவேன்.

ஆறாம் நாள் அவளே பேசினாள். “என்ற ஊட்டுக்காரரு போனது உங்க கண்ணு தவறினதுங்ணா. அவரே மன்னிச்சுட்டுப் போயிட்டாரு, நான் என்ன சொல்றது? ஆனா மாரப்பனுக்கு நீங்க பண்ணினது தெரிஞ்சே பண்ணினது. அவனுக்குச் சொன்னீங்களா?”

“இல்லை.”

“எங்கிட்டச் சொல்லி அழுதா அது தீந்துபோகுமுங்களா? அவங்கிட்டச் சொல்லோணும்.”

பெண்டாட்டியும் புருஷனுமாகச் சேர்ந்து என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள், பார்த்தாயா?

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள், கால் வீங்கிக் கிடந்தபோது அந்தப் பெயரை எழுதினாயே. அவன் ஆட்டத்துக்காக எழுதினாயா, வாயை மூடிக்கொண்டு நின்றானே அதற்காக எழுதினாயா? ‘எவன் வாயை மூடிக்கிட்டு நிப்பான்னு பாரு’ என்பாயே, அதுதானா? நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக, நான் ஊரெல்லாம் அவனைக் கொலைகாரனாக்கியபோதும் இரண்டு வருஷம் அவன் பேசவில்லை. அப்படிப்பட்டவன் எந்த ரெப்ரிக்குத்தான் எதிர்த்துப் பேசுவான்? லண்டன் மைதானத்தில் அவன் இடது காலை யார் தடுத்திருப்பார்கள்? தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சேந்தமங்கலத்து மாரப்பனைப் பற்றி நான் உங்கள் ஊரில் சொன்னதெல்லாம் பொய். ஆணி கிடந்த மண்ணைப் பொறுக்கியவன் நான்.

உன் நினைவு ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பதில் நம் அணியில் லெப்ட் அவுட் ஆட வருகிறான். மதராசிலிருந்து நம் பக்கத்துக்குக் கடிதமே வரவில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டு வருகிறான், நான் சொன்னேன் என்பதற்காக. இந்தத் தாளை அவன் கையில் நானே கொடுப்பேன், மாப்பிள்ளை. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நாலு பக்கம் முடிய நேரமாகும். முடிகிற வரை அவன் எதிரில் நிற்பேன். அவன் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் போனாலும், அவன் முகத்துக்குப் பின்னால் வேறேதாவது இருக்கிறதா என்று தேட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
நீ உடைந்துபோகாமல் காத்துவிட்டுப் போன உன் மச்சான்,
செல்லமுத்து